ஏசி அறைக்குள் நுழையும் ஈரம்

மே மாதச் சென்னையில் இரவு பதினொரு மணிக்கு வெளியே 30 டிகிரி இருக்கிறது, அறைக்குள் ஏசியை 26-இல் வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாலு டிகிரிதானே வித்தியாசம், இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்தால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றும். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் கடலோர ஊர்களில் வெளிக்காற்று உள்ளே கொண்டுவரும் சுமையில் பெரும்பகுதி சூடு அல்ல, ஈரம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த நேரத்துச் சென்னைக் காற்றில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கும். உடம்புக்கு இதமான 26 டிகிரி அறைக்காற்றில் இருக்க வேண்டியது 11 கிராம்தான். மீதிப் பத்து கிராமை ஏசி தனக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில் (காயில்) தண்ணீராக்கி வெளியே அனுப்ப வேண்டும். நீராவி தண்ணீராகும்போது கிராமுக்குச் சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. ஆக, பத்து கிராமுக்கு 24 கிலோஜூல். அதே ஒரு கிலோ காற்றை 30-இலிருந்து 26-க்கு இறக்க 4 கிலோஜூல் போதும். ஈரத்தை எடுக்கும் வேலை, சூட்டை எடுக்கும் வேலையைப் போல ஆறு மடங்கு!

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 39 கிலோ காற்று. இடுக்குகள் வழியாக மணிக்கு ஒருமுறை அத்தனை காற்றும் மாறினால், எட்டு மணி நேரத்தில் உள்ளே வரும் கூடுதல் ஈரம் மூன்று லிட்டர் தண்ணீருக்குச் சமம். ஏசிக்கு அது இரவு முழுக்க 300 வாட் சுமை. ஒரு டன் ஏசியின் முழுத்திறனே 3,500 வாட்தான். மின்சாரமாகச் சொன்னால், நல்ல இன்வெர்ட்டர் ஏசியிலும் ஓர் இரவுக்கு 0.7 யூனிட் போகும். இரண்டு மாத பில்லில் ஒரே அறைக்கு நாற்பது யூனிட்டுக்கு மேல்.

உண்மையான செலவு அதற்கும் மேலே. வீட்டு ஏசியின் சென்சார் பொதுவாக வெப்பநிலையைத்தான் பார்க்கிறது. 26 வந்துவிட்டது என்று அது தணிந்து ஓடும். அறையோ பிசுபிசுவென்று இருக்கும். படுத்திருப்பவர் ரிமோட்டை எடுத்து 22-க்குக் கொண்டுபோவார். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி வரவேண்டும் என்று விதித்ததும் இதனால்தான். நாலு டிகிரி இறக்கும்போது செலவு இருபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். தூண்டியது எங்கோ ஓர் ஓட்டை.

சரி, காற்று ஏன் நுழைகிறது? வெளியே காற்றே அசையாவிட்டாலும் அது நுழையும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலத் தரையோடு வழிந்து கதவின் அடியில் வெளியேறும். போன காற்றுக்கு ஈடாக, மேலே இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளிக்காற்று இறங்கும். பத்தடி அறையில் இந்த அழுத்த வேறுபாடு ஒரு பாஸ்கலுக்கும் குறைவு, கையில் உணர முடியாது. ஆனாலும் கதவுக்கடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியும் மேலே அதற்கேற்ற ஓட்டையும் இருந்தால், மணிக்குப் பதினைந்து கன மீட்டர் வரை மாறிவிடும். அறைக்காற்றில் ஏறக்குறைய பாதி.

பலர் கதவடி ஸ்ட்ரிப்பை வாங்கி மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். நான் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பேன். உள்ளே வரும் வழி அடைபட்டால் கீழே வெளியேறுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். அதோடு, மேலே உள்ள ஓட்டைகள்தான் நேராக வெளியே திறப்பவை. பழைய வீடுகளில் வென்டிலேட்டர்; அதன் லூவர் கண்ணாடிகள் முழுதாக மூடியதாகச் சரித்திரமே இல்லை. ஃப்ளாட்டுகளில் ஸ்பிளிட் ஏசியின் செப்புக் குழாய் போகும் துளை. இரண்டரை, மூன்று அங்குலம் துளைத்து, குழாய்களை நுழைத்து, வெளிப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஒயிட் சிமென்ட் பூசிவிட்டுப் போவார்கள். அது இரண்டு வருடத்தில் விரிசல் விட்டுவிடும். ஏசிப் பெட்டிக்குப் பின்னால் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. அங்கே சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தால், நுழையும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் வியர்ப்பதாலும் இருக்கலாம். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதற்கு மேலே பார்க்க வேண்டும்: பழைய வென்டிலேட்டரை மூடாமலேயே பலகை அடித்திருப்பார்கள், விளக்குத் துளைகள் வழியாகக் காற்று இறங்கிக்கொண்டிருக்கும். ஜன்னல் ஏசியாக இருந்தால் முன்பக்கம் வெளிக்காற்றுத் துவாரத்தைத் திறந்து மூடும் சிறு நெம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் திறந்தே கிடக்கும் நெம்புகள் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத வழிகளே பெரிய வழிகள் என்பது புதிய செய்தி அல்ல. 1970-களில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில் வீடுகளை அலசினார்கள். அவர்களுடைய சிக்கல் குளிர்காலத்தில் சூடு வெளியேறுவது. சுவர்களுக்கு உள்ளே ஒளிந்திருந்த பாதைகள் வழியாக அது மேற்கூரைப் பரணுக்கு ஏறிப்போனதை அங்கே கண்டார்கள். இன்றும் அதுபோன்ற குளிர் நாடுகளில் வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்தம் கொடுத்து, எவ்வளவு காற்று கசிகிறது என்று அளக்கிறார்கள்.

நமக்கு அந்தக் கருவி வேண்டாம், குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். ஆறு அங்குல ஃபேன் மணிக்குச் சுமார் 200 கன மீட்டர் இழுக்கும். ஏசியையும் சீலிங் ஃபேனையும் நிறுத்துங்கள், ஜன்னல்களை மூடுங்கள், இடையிலுள்ள குளியலறைக் கதவைத் திறந்துவைத்து எக்ஸாஸ்டைப் போடுங்கள். அப்புறம் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, திரைச்சீலையிலிருந்து தள்ளிப் பிடித்தபடி, ஜன்னல் ஓரம், குழாய்த் துளை, விளக்குத் துளை என்று மெதுவாக நகர்த்துங்கள். புகை உள்நோக்கி அடித்துத் திரும்பும் இடமெல்லாம் ஓட்டை. இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. ஏசி ஓடும்போது அந்த ஃபேனை மறந்து போட்டுவிட்டால், அறையின் மொத்தக் காற்றையும் மணிக்கு ஐந்தாறு முறை அது வெளியே தள்ளிவிடும். எந்தக் கதவிடுக்கும் அதற்கு ஈடாகாது.

ஏசியின் தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் பைப்பின் கீழே ஒரு வாளி வைத்தும் பார்க்கலாம். தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் ஈரம் விடுகிறார். இரண்டு பேருக்கு இரவில் அரை லிட்டருக்குச் சற்று மேல். மெத்தையும் துணிகளும் கொஞ்சம் விடும். காலையில் வாளியில் நாலைந்து லிட்டர் நின்றால், அதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது.

அடைப்பது எளிது. குழாய்த் துளையை இரண்டு பக்கமும் ஏசி புட்டியால் (களிமண் போல இளகிய பசை) நிரப்பலாம். நாளைக்குக் குழாயைக் கழற்ற வேண்டியிருக்கும், ஆகவே சிமென்ட் வேண்டாம். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே சிலிகான். மரக்கதவின் நிலையில் ஃபோம் டேப் ஒட்டும் முன் தூசியைத் துடைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் உரிந்து வந்துவிடும். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் தேய்ந்துபோன பிரஷ் பட்டையை மாற்றலாம். அதன் கீழ்த் தடத்தில் இருக்கும் சிறு துளைகளை மட்டும் அடைக்காதீர்கள், மழைத்தண்ணீர் வெளியேற வைத்தவை அவை. முடித்ததும் ஏசியை 26-இல் வைத்து, சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிட்டு ஓர் இரவு தூங்கிப் பாருங்கள். ரிமோட்டைத் தேடவில்லை என்றால் வேலை செய்திருக்கிறது. வேலூர், மதுரைப் பக்கத்துக் கோடை மதியங்களில் காற்று வறண்டிருக்கும். அங்கே ஈரத்தின் பங்கு குறைந்து சூட்டின் பங்கு ஏறும், அடைக்கும் முறை ஒன்றுதான்.

அறையை டப்பா மாதிரி மூடிவிடவும் கூடாது. ஸ்பிளிட் ஏசி புதுக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது. இரண்டு பேர் தூங்கும் அறையில் துளிக்கூடக் காற்று மாறாவிட்டால், விடியும்போது கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 6,000 பங்கை எட்டும். வெளிக்காற்றில் இருப்பது 420-ஐ ஒட்டி. தலை கனத்து எழுவோம். மேலே உள்ள ஓட்டைகளை அடைத்துவிட்டு, ஹாலுக்குத் திறக்கும் கதவின் அடியில் சில மில்லிமீட்டர் விட்டுவைப்பது என் தேர்வு. மூன்று நாலு பேர் படுக்கும் அறை என்றால் கதவைச் சற்று ஒருக்களித்து வையுங்கள், பில்லைவிட மூச்சு முக்கியம்.

இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது கேஸ் கீசர். அது இருக்கும் குளியலறையின் வென்டிலேட்டரையோ, அடுப்பு எரியும் சமையலறையின் ஜன்னலையோ எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். காற்று போதாமல் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளித்துக்கொண்டிருப்பவர் மயங்கி விழும்வரை தெரியாது.