‘செல்ஃப் எடுக்கல’ என்றால் என்ன? செல்ஃப், இக்னிஷன்: சொல் விளக்கம்

பழைய கார் கிளம்ப மறுக்கும்போது அதை இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘செல்ஃப் எடுக்கல’ (இன்ஜின் சுற்றவே இல்லை) என்பது ஒன்று, ‘செல்ஃப் அடிக்குது, ஆனா ஸ்டார்ட் ஆகல’ (இன்ஜின் சுற்றுகிறது, பற்றிக்கொள்ளவில்லை) என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு கோளாறுகள். முதலாவதாக இருந்தால் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் பக்கம் தேட வேண்டும். இரண்டாவதாக இருந்தால் பெட்ரோல், இக்னிஷன் பக்கம். இதைப் பிரிக்காமல் மொத்தமாக ‘வண்டி ஸ்டார்ட் ஆகல’ என்று சொல்லிவிடுவதால்தான் நன்றாக இருக்கும் பேட்டரியை மாற்றுவதும் பழுதே இல்லாத பிளக்குகளைக் கழற்றிப் போடுவதும் நடக்கிறது. அதனால் இந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

செல்ஃப் என்பது பாதிப் பெயர். முழுப்பெயர் செல்ஃப் ஸ்டார்ட்டர், தானாகக் கிளப்பிக்கொள்வது என்று பொருள். ஆரம்பகாலக் கார்களில் முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகி ஆள் நின்று கையால் சுற்ற வேண்டும், தீப்பொறி நேரம் தவறி முன்னதாக விழுந்தால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்து, திரும்பி வரும் ஹேண்டில் மணிக்கட்டையே முறித்துவிடும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது அதற்காகத்தான். இந்த வேலையிலிருந்து ஆளை விடுவிக்க அழுத்திய காற்று, சுருள்வில் என்று பலவற்றை முயன்று பார்த்தார்கள், கடைசியில் நிலைத்தது மின்மோட்டார். டெல்கோ நிறுவனத்தில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய அது 1912 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. ஹேண்டில் வழக்கொழிந்த பிறகு எல்லாக் கார்களும் தாமாகவே கிளம்பின, ஆங்கிலத்துக்கு ‘செல்ஃப்’ தேவைப்படவில்லை, ‘ஸ்டார்ட்டர்’ மட்டும் மிஞ்சியது. தமிழ்ப் பேச்சில் நேர்மாறாக ஸ்டார்ட்டர் உதிர்ந்து செல்ஃப் நின்றுவிட்டது. கிக்கரும் செல்ஃபும் சேர்ந்தே இருக்கும் இருசக்கர வண்டிகளில் இந்தப் பெயருக்கு இன்னும் நல்ல பொருள் இருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘தன்தொடக்கி’ என்று எழுதலாம், ஆனால் கை ஹேண்டிலே இல்லாத வண்டியில் அந்தத் ‘தன்’ எதற்கு? கலைச்சொல்லாகப் புழங்கும் ‘தொடக்கி’ போதும், மோட்டாரைத் தனியாகக் குறிக்க ‘தொடக்க மோட்டார்’. ‘துவக்கி’ என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை, ஆனால் ஈழத்தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி, அதனால் என் ஓட்டு தொடக்கிக்குத்தான். இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு சொல் வணரி, கிராங்க் என்பதற்கான தமிழ். வணர் என்றால் வளைவு. சங்கப் பாடல்களில் வளைந்த தண்டுள்ள சிறிய யாழை ‘வணர்கோட்டுச் சீறியாழ்’ என்கிறார்கள். கிராங்க்கின் அடையாளமே அந்த வளைவுதான், ஆகவே இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் வணரித்தண்டு. இவ்வளவு பொருத்தமான சொல்லை நாம் எடுத்துப் புழங்காமல் விட்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, தொடக்கி செய்வது ஒரே வேலை, வணரித்தண்டைச் சுழற்றுவது. அதற்கு அப்புறம் பற்றிக்கொண்டு ஓடுவது இன்ஜினின் பாடு. சுழற்றுவதற்கு மட்டும் 100 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் வேண்டும், பெரிய இன்ஜின் என்றால் 200-ஐயும் தாண்டும். ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர்கூட வேண்டாம். அதனால் ‘லைட் நல்லாத்தானே எரியுது, பேட்டரி ஓகே’ என்ற கணக்கு செல்லாது. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. செல்ஃப் அடிக்கும்போது சுமார் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

அடுத்தது சத்தம். சாவியைத் திருப்பியதும் ‘டகடகடக’ என்று வேகமாகத் தட்டுகிறதா, ஒரே ஒரு ‘டக்’ வந்து நின்றுவிடுகிறதா, சத்தமே இல்லையா? இந்தச் சத்தம் வருவது சோலனாய்டிலிருந்து. கிரேக்கத்தில் சோலென் என்றால் குழாய், குழாய் வடிவச் சுருள் என்ற பொருளில் பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர் 1820-களில் உண்டாக்கிய சொல் இது (மின்னோட்டத்தின் அலகுக்கும் அவர் பெயர்தான்). நம் இயற்பியல் பாடநூல்களில் வரிச்சுருள். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் உள்ளிருக்கும் இரும்புத் தண்டு இழுபட்டு, பல்சக்கரத்தைத் தள்ளி, வணரித்தண்டின் முனையில் இருக்கும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தோடு கோத்துவிட்டு, மோட்டாருக்குப் போகும் கனத்த தொடர்பையும் மூடுகிறது. பேட்டரியில் தெம்பு இல்லை என்றால், தொடர்பு மூடியதும் மோட்டார் மின்சாரத்தை இழுக்க வோல்ட் சரிகிறது, சுருளின் பிடி தளர்கிறது, ஸ்பிரிங் தண்டைத் திருப்பித் தள்ளுகிறது, உடனே வோல்ட் ஏறி மறுபடி இழுக்கிறது. அதுதான் டகடகடக. பேட்டரி முனையில் துரு ஏறியிருந்தாலும் இதே சத்தம் வரும், ஆகவே கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். பேட்டரி நன்றாக இருந்தும் ஒரே ஒரு டக் என்றால் சோலனாய்டின் தொடர்புகள் கருகியிருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டாரை லேசாகத் தட்டினால் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் பிரஷ்தான், அந்தத் தட்டலை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது. சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், ரிலே, சோலனாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர், ஆட்டோமேட்டிக் கியர் என்றால் நியூட்ரல் சுவிட்ச். மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று தனியாகச் சுற்றி இன்ஜின் அசையவில்லையா, அந்தப் பல்சக்கரத்தைக் கோத்துவிடும் பெண்டிக்ஸ் வழுக்குகிறது. இதுவும் ஓர் ஆளின் பெயர், வின்சென்ட் பெண்டிக்ஸ். அவர் அமைத்த இயங்குமுறை போய் வேறு வகை கிளட்ச் வந்த பின்னும் பெயர் போகவில்லை.

பழைய கார்களில் பலரும் பார்க்காமல் விடுவது எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் பாதை. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை துருவேறிப் போனால், எவ்வளவு நல்ல பேட்டரி போட்டாலும் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் சுற்றும், மின்சாரம் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அவை சூடாவதும் உண்டு. கண்டுபிடிக்கும் வழி எளிது: ஒருவர் செல்ஃப் அடிக்க, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டை நெருங்கினாலே எர்த்தில் குறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், மோட்டார் சூடாகிவிடும்.

இனி இக்னிஷன். லத்தீனில் இக்னிஸ் என்றால் தீ, அக்னியும் அதே வேரிலிருந்து வடமொழிக்கு வந்த சொல். தமிழில் எரிபற்றல், பற்றவைப்பு என்று இரண்டு இருக்கின்றன, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சிலிண்டருக்குள் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவை தீப்பிடிக்கும் நிகழ்வு எரிபற்றல். வோல்ட்டை ஏற்றும் காயில், அதைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், பொறி விழும் பிளக் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு பற்றவைப்பு அமைப்பு. டீசல் காரில் எரிபற்றல் உண்டு, பொறியால் பற்றவைக்கும் அமைப்பு கிடையாது. அழுத்தத்தில் சூடான காற்றிலேயே டீசல் எரிந்துவிடும். பெயர் மட்டும் அங்கேயும் இக்னிஷன் சாவிதான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் மெக்கானிக் முதலில் கேட்பது ‘பிளக்ல கரண்ட் வருதா?’ என்பதைத்தான். கரண்ட் என்று அவர் சொல்வது பொறியை. பேட்டரியின் 12 வோல்ட்டை காயில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றுகிறது, அதுவும் மின்சாரம் பாயும்போது அல்ல, பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடர்பு) திறந்து மின்சாரம் அறுபடும் கணத்தில். அதனால் பாயின்ட் கருகினாலோ, இடைவெளி மாறினாலோ (பெரும்பாலான வண்டிகளில் 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், கையேட்டைப் பாருங்கள்), பாயின்ட்டோடு இருக்கும் கன்டென்சர் (மின்தேக்கி) கெட்டாலோ பொறி மஞ்சளாகச் சோர்ந்து விழும். நல்ல பொறி நீலமாக, சத்தத்தோடு விழும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம், மயிரிழை விரிசல், உள்ளே சுழலும் ரோட்டரின் தேய்மானம் இவற்றையும் பார்த்துவிடுங்கள். சோதிக்கும்போது பிளக் ஒயரைக் கையில் பிடிக்க வேண்டாம், பெட்ரோல் வாசனை இருந்தால் சோதிக்கவே வேண்டாம்.

இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதுதான் ஆளைக் குழப்பும். பல பழைய கார்களில் ஓடும்போது காயிலுக்கு மின்சாரம் பாலஸ்ட் ரெசிஸ்டர் என்ற மின்தடை வழியாகக் குறைந்து போகும்; செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும், பேட்டரி வோல்ட் சரிவதை ஈடுகட்ட, அந்தத் தடையைத் தாண்டி நேராகப் போகும். செல்ஃப் அடிக்கும்வரை இன்ஜின் பிடித்து, சாவியை விட்டதும் அணைந்துபோகிறது என்றால் அந்தத் தடை அறுந்திருக்கிறது, அல்லது சாவி சுவிட்சில் ஓடும் நிலைக்கான தொடர்பு தேய்ந்திருக்கிறது. மாறாக, செல்ஃப் அடிக்கும்போது பிடிக்காமல் சாவியை விடும் அந்த நொடியில் மட்டும் பிடிக்கிறதா? நேர்வழி ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது தொடக்கி எல்லா மின்சாரத்தையும் தானே இழுத்துக்கொண்டு பொறிக்கு மிச்சம் வைக்காமல் இருக்கலாம். அப்போது பிளக்கைத் தொடாமல் பேட்டரியிலிருந்தும் கேபிளிலிருந்தும் தொடங்குங்கள்.