தீயரண்: ஃபயர்வாலுக்குத் தமிழ் என்ன?

ஃபயர்வால் முதலில் கட்டடக்காரர்களின் சொல். ஒட்டினாற்போல் நிற்கும் இரண்டு கட்டடங்களில் ஒன்று பற்றிக்கொண்டால் தீ மற்றதற்குத் தாவாதிருக்க நடுவில் எழுப்பும் கனத்த சுவர் அது. காரில் இன்ஜினுக்கும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இடையிலுள்ள தகட்டுக்கும் இதே பெயர்தான். 1980களின் கடைசியில் கணினி வலையமைப்புத் துறை, வலைக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் தடுப்புக்கு இதைக் கடன் வாங்கியது. 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்ற, தன்னைத்தானே நகலெடுக்கும் நிரல் இணையத்தில் பரவியபோது, அப்படியொரு தடுப்பு ஏன் வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

தமிழில் தீச்சுவர், நெருப்புச்சுவர், தீயரண் மூன்றும் புழங்குகின்றன. முதல் இரண்டும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, பொருளில் சறுக்குகின்றன. சுவர் எதையும் உள்ளே விடாது. ஃபயர்வாலோ வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் (வலையில் செல்லும் தரவுத் துண்டின்) அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, நெறிமுறை, போர்ட் எண் (எந்தச் சேவைக்கு என்று காட்டும் எண்) ஆகியவற்றைப் பார்த்து, சிலவற்றை விடும், சிலவற்றை மறிக்கும். அரண் என்றால் கோட்டை. அதற்கு வாயிலும் உண்டு, காவலும் உண்டு. திருக்குறளின் 75ஆம் அதிகாரத்துக்கே அதுதான் பெயர். தீ என்பதற்குத் தீவினையில் வருவதுபோல் 'கெட்ட' என்ற பொருளும் இருப்பதால், இங்கே நெருப்பு எங்கே என்று கேட்பவருக்கும் விடை கிடைத்துவிடுகிறது. என் ஓட்டு தீயரணுக்கே.

வாயிற்காவலுக்கு எழுதித் தரும் ஆணைதான் விதி. பெரும்பாலான தீயரண்கள் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். 3ஆம் விதி '10.0.0.0/8 முழுவதையும் விடு' (அதாவது 10 என்று தொடங்கும் எல்லா முகவரிகளையும்) என்றும், 7ஆம் விதி '10.0.5.20ஐத் தடு' என்றும் இருந்தால், 7ஆம் விதிக்கு வேலையே வராது. குறுகிய விதி மேலே, அகன்றது கீழே, எல்லாவற்றுக்கும் அடியில் 'மற்ற அனைத்தையும் தடு'.

அந்தக் கடைசி வரியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தொலைவிலுள்ள சர்வரில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் பாதுகாப்பான இணைப்பு) வழியே நுழைந்து, அதற்குரிய 22ஆம் போர்ட்டைத் திறக்கும் முன்பே அனைத்தையும் தடுத்துவிட்டால், திரை உறைந்துபோகும்; வெளியே நிற்பவர் நீங்கள்தான். முதலில் 22ஐ உங்கள் முகவரிக்கு மட்டும் திறங்கள். 5 நிமிடத்தில் பழைய விதிகள் தானே திரும்பும்படி ஒரு கட்டளையை நேரம் குறித்து வையுங்கள். பிறகு பூட்டுங்கள். பழைய இணைப்பை மூடாமல், புதிதாக ஒன்றைத் திறந்து பாருங்கள். உள்ளே போக முடிந்தால் அந்தக் கட்டளையை நீக்கலாம். மறந்தால் 5ஆம் நிமிடம் பூட்டு திறந்துகொள்ளும்.

இன்னொரு ஓட்டை ஐபிவி6, அதாவது ஐபிவி4க்கு அடுத்து வந்த இணைய முகவரி முறை. லினக்ஸில் ஐபிடேபிள்ஸ் என்ற தீயரண் கருவியின் விதிகள் ஐபிவி4ஐ மட்டுமே காக்கும். ஐபிவி6க்குத் தனிப் பட்டியல் எழுத வேண்டும். முன்வாசலில் பூட்டு, கொல்லைப்புறம் திறந்தபடி.

வலைத்தளங்களுக்கான 443ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டால் அதன் வழியே வரும் கெட்ட கோரிக்கையும் உள்ளே போகும். போர்ட்டைப் பார்ப்பவருக்கு உள்ளடக்கம் தெரியாது. அதைப் பிரித்துப் படிக்கும் வேறொரு வகை உண்டு. ஆங்கிலத்தில் வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் எனப்படும் அதை வலைச்செயலி அரண் என்று அழைக்கலாம். வலைச்செயலிச் சுவர் என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது.