சீல் வைத்த பெட்டி ஏன் தண்ணீர் குடிக்கிறது?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். வீட்டின் மேற்குச் சுவரில் கேமரா மாட்டி நாலு மாதம் ஆகிறதாம். கேமரா ஐபி67 தரம் (தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான குறியீடு). வயர் இணைப்புகளை வைக்க மாட்டிய ஜங்ஷன் பாக்ஸ் ஐபி66. போதாக்குறைக்கு, மாட்ட வந்தவர் பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் சிலிக்கான் பூசி அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆகஸ்ட் மாதத்தில் சாயங்கால மழை விட்டு விட்டுப் பெய்ததும் படம் போய்விட்டது. திறந்து பார்த்தால் பெட்டிக்குள் கால்வாசி தண்ணீர். "எங்கேயும் விரிசல் இல்லை. சுவரிலும் ஈரம் இல்லை. பிறகு எந்த வழியாகப் போனது? பெட்டி மட்டமான சரக்கா?"

சரக்கு நல்லதாகவே இருந்தாலும் இது நடக்கும் என்பதுதான் விஷயம்.

முதலில் பெட்டி எதற்கு என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வெளிப்புறக் கேமராவின் பின்னாலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வால் போல ஒரு வயர் தொங்கும். அதன் நுனியில்தான் நெட்வொர்க் பிளக் செருகும் சாக்கெட்டும் 12 வோல்ட் பின்னும் இருக்கும். பழைய அனலாக் வகையாக இருந்தால் பிஎன்சி கனெக்டர். கேமராவின் மேல் அச்சடித்திருக்கும் ஐபி67 என்பது கேமராவின் உடம்புக்கு மட்டும்தான், இந்த நுனிகளுக்கு இல்லை. நுனியை மூடச் சில கம்பெனிகள் ஒரு ரப்பர் மூடி கொடுப்பார்கள். அது பெரும்பாலும் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். ஆக, மழை, வெயில், அணில், பக்கத்து வீட்டுப் பையனின் கை எல்லாவற்றிலிருந்தும் அந்த நுனிகளை மறைத்து வைக்க ஒரு பெட்டி தேவை. பெட்டியைச் சுவரில் திருகி, அதன் மூடி மேல் கேமராவைத் திருகினால் வேலை முடிந்தது.

இனி பெட்டிக்குள் இருக்கும் காற்றைக் கவனியுங்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பெட்டி 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அரை லிட்டர் காற்று. மேற்குச் சுவர், மதியம் மூன்று மணி, மேலே ஒட்டியிருக்கும் கேமராவின் சொந்தச் சூடு வேறு. உள்ளே 55 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து இடியோடு மழை. கொஞ்ச நேரத்தில் பெட்டி 25 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கன அளவு மாறாத வாயுவின் அழுத்தம் அதன் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் கே-லூசாக் விதிதான். 328 கெல்வினிலிருந்து 298 கெல்வினுக்கு வந்தால் அழுத்தம் 9 சதவீதம் குறையும். சூடான சாதத்தை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போட்டு இறுக்கி மூடினால் மதியம் மூடி கழன்று வர மறுக்கிறதே, அதே கதை.

9 சதவீதம் என்றால் அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும். வளிமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். அதில் 9 சதவீதம் என்பது ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் தண்ணீர். அந்தச் சின்ன மூடியின் மேல் 9 கிலோவுக்கு மேல் எடை வைத்து அழுத்துவதற்குச் சமமான விசை. இந்த விசை முழுவதும் ஒரே வேலைக்காகக் காத்திருக்கிறது: எங்காவது முடி அளவு இடைவெளி கிடைத்தால், அதன் வழியாக எதையாவது உள்ளே இழுப்பது. ரப்பர் வளையம் ஓரிடத்தில் கொஞ்சம் பிசகியிருக்கும், திருகு ஒரு பக்கம் தளர்ந்திருக்கும், வயர் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டில் மெல்லிய வயரைப் போட்டு ஒப்பேற்றியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் விரிசல் வேண்டியதில்லை.

எதை இழுக்கும்? அந்த இடைவெளியின் வாயில் அப்போது எது இருக்கிறதோ அதை. அழுத்தம் சமமாக வேண்டுமானால் சுமார் 45 மில்லி உள்ளே வந்தாக வேண்டும். வாயில் காற்று இருந்தால் 45 மில்லி ஈரக்காற்று வரும். 25 டிகிரியில் அதில் இருக்கும் நீராவி ஒரு மில்லிகிராம்தான், கவலையே இல்லை. வாயில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் அதிகபட்சம் 45 மில்லி தண்ணீரே வரும். ஒரே பெட்டி, ஒரே உறிஞ்சல். உள்ளே போகும் நீரில் நாற்பதாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இதில் இயற்கையின் குறும்பு என்னவென்றால், பெட்டியைக் குளிர வைப்பதே மழைதான். உறிஞ்சும் நேரமும் மூடியின் ஓரமெல்லாம் தண்ணீர் வழியும் நேரமும் ஒன்றாகவே வந்து தொலைகிறது. மறுநாள் வெயிலில் காற்று விரியும்போது உள்ளே போன தண்ணீர் திரும்பி வராதா? வராது. விரியும் காற்று, இடைவெளியை ஒட்டி உள்ளே எது இருக்கிறதோ அதைத்தான் வெளியே தள்ளும். இடைவெளி மேல் ஓரத்தில் இருக்கிறது, தண்ணீர் அடியில் கிடக்கிறது. ஆகவே காற்று மட்டும் வெளியேறும். சாயங்காலம் மழை வந்தால் மறுபடி தண்ணீர் உள்ளே போகும். ஒரு வால்வும் வைக்காமலேயே அருமையான ஒருவழிப் பம்பு தயார். பெட்டி மூச்சு விடுகிறது என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். இப்படிச் சில மழைகள் போதும், வாசகர் சொன்ன கால்வாசித் தண்ணீருக்கு.

அப்படியானால் ஐபி66 சான்றிதழ் பொய்யா? பொய்யில்லை. ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் சோதனை கடுமையானதுதான். 12.5 மி.மீ. குழாய் முனையிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீரை இரண்டரை மூன்று மீட்டர் தூரத்திலிருந்து எல்லாத் திசையிலும் குறைந்தது மூன்று நிமிடம் பீய்ச்ச வேண்டும். ஆனால் அதே தரத்தில் ஒரு சின்ன நிபந்தனை உண்டு: சோதனைத் தண்ணீருக்கும் பெட்டிக்கும் வெப்பநிலை வித்தியாசம் 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. தண்ணீர் அதைவிடக் குளிராக இருந்தால் பெட்டியின் உள் அழுத்தத்தைச் சமன் செய்துகொள்ள வழி செய்ய வேண்டும். அதாவது, நான் மேலே வர்ணித்த உறிஞ்சல் நடக்காதபடி பார்த்துக்கொண்டுதான் சோதிக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அது நியாயம். மூடியின் இறுக்கத்தை மட்டும் தனியாக அளக்க வேண்டுமே. சென்னை மழைக்கு அந்த நிபந்தனை தெரியாது. 30 டிகிரி வித்தியாசத்தோடுதான் வந்து இறங்கும்.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்கிறது என்பது மின்வேதியியல். இப்போதைய நெட்வொர்க் கேமராக்களில் பல, நெட்வொர்க் வயரிலேயே மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும் பிஓஇ வகை. அதில் ஓடுவது சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம். நீரைப் பிரிக்கக் கொள்கைப்படி 1.23 வோல்ட் போதும். பிளக்கில் பின்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர்தான் தூரம். நடுவில் ஓர் ஈரப் படலம் வந்துவிட்டால் நேர்மின்வாய்ப் பக்கத்துப் பின்னிலிருந்து உலோகம் கரையத் தொடங்கும். வாசகருக்கு ஒரு வேலை: செத்துப்போன பிளக்கைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுப் பின்னும் ஒரே மாதிரி கெட்டிருக்காது. மின்சாரத்தை 4, 5, 7, 8ஆம் பின்களில் அனுப்பும் நெட்வொர்க் சுவிட்ச் (கேமரா வயர்கள் வந்து சேரும் பெட்டி) என்றால் 4, 5 நேர்மின்வாய், 7, 8 எதிர்மின்வாய். பச்சைப் பொடி பூத்து, அரித்துத் தேய்ந்திருப்பது 4, 5 ஆகத்தான் இருக்கும். மேலே தங்கமுலாம் என்பார்கள். மலிவான பிளக்கில் அது பெயருக்கு ஒரு பூச்சு, அதன் நுண்துளைகள் வழியாக அடியில் இருக்கும் செம்புக் கலவை கரைந்து வெளியே வரும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு மழைகூட வேண்டாம். கடற்காற்று கொண்டுவரும் உப்புத்தூள், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். சென்னை இரவுகளில் அந்த ஈரப்பதம் சர்வ சாதாரணம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். உலோக அரிமானத்தை ஆராய நம் மாநிலத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மண்டபத்தில் கடலோரமாக அதற்கு ஓர் அரிமான ஆய்வு மையமும் உண்டு. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வருடக்கணக்கில் வைத்து, எடுத்து, எடை போட்டுப் பார்க்கும் பொறுமையான வேலை அது. ராக்கெட் விட்டால் தலைப்புச் செய்தி, தகடு துருப்பிடித்தால் யார் போடுவார்கள்? என் கட்சி இதுதான்: பாலம் முதல் பிளக் வரை இந்தக் கடற்கரை தின்னும் பொருளின் மதிப்போடு ஒப்பிட்டால், இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு நாம் கொடுக்கும் பணமும் கவனமும் மிகவும் சொற்பம்.

சரி, பெட்டிக்கு வருவோம். மூச்சை அடைக்கப் பார்ப்பதை விட, எங்கே மூச்சு விட வேண்டும் என்று நாமே முடிவு செய்வது புத்திசாலித்தனம். அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டுவிட்டால் உறிஞ்சல் அந்த வழியாக நடக்கும். அங்கே மழைத் தண்ணீர் தேங்காது, காற்றுதான் இருக்கும். தப்பித் தவறி நீர் சேர்ந்தாலும் அதே துளையில் வடிந்துவிடும். துளையின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். 2 மி.மீ. துளையில் பரப்பு இழுவிசை ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும், சொட்டு விடாது. 5 மி.மீ. ஆக்கினால் அரை செ.மீ. சொச்சம்தான் தாங்கும். ஓர் எச்சரிக்கை: இது 12 வோல்ட், பிஓஇ போன்ற குறைந்த மின்னழுத்த இணைப்புகள் மட்டும் இருக்கும் பெட்டிக்கு. உள்ளே 230 வோல்ட் அடாப்டர் இருக்கிறது என்றால் துளை போடும் வேலையே வேண்டாம். அடாப்டரை வீட்டுக்குள் மாற்றச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

துளை போட மனம் வராதவர்களுக்கு மூச்சு விடும் பிளக் என்று ஒன்று கிடைக்கிறது. அதன் நடுவில் இழுத்து நீட்டப்பட்ட டெஃப்லான் படலம். அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் 1969இல் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்துக் கண்டுபிடித்த அதே பொருள். அதன் துளைகள் ஒரு மைக்ரான் அளவில் இருப்பதால் காற்றும் நீராவியும் போகும். டெஃப்லானில் தண்ணீர் ஒட்டாது என்பதால் துளி உள்ளே நுழையப் பெரும் அழுத்தம் தேவை, நம் 95 செ.மீ. அதற்குப் போதவே போதாது. சிலர் சிலிக்கா ஜெல் பாக்கெட்டைப் போட்டு வைக்கிறார்கள். 10 கிராம் பாக்கெட் 3 கிராம் நீரைப் பிடித்தால் பெரிய விஷயம். ஒரே மழையில் ஓரங்களின் வழியாக அதற்கு மேல் வந்துவிடும்.

அடித்துளை என்றதும் பல்லி நுழையாதா என்பார்கள். 5 மில்லிமீட்டரில் பெரிய பல்லி நுழையாது. அது வழக்கமாக வருவது மூடாமல் விட்ட வயர் ஓட்டை வழியாகத்தான். பஞ்சாங்கத்தில் பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று நீளமாக எழுதியிருக்கிறார்கள். சர்க்யூட்டின் மேல் விழுந்தால் என்ன பலன் என்பதை மட்டும் எழுதவில்லை. உறுதியாகப் பலிக்கக்கூடியது அது ஒன்றுதான்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. முடிந்தால் சன்ஷேடுக்கு அடியில் இடம் பாருங்கள். வெயிலும் படாது, மழையும் நேராக அடிக்காது, இரண்டும் குறைந்தால் உறிஞ்சலும் குறையும். வெளிப்பூச்சு சுமார் 20 மி.மீ. தடிமன் இருக்கும். திருகைப் பிடிக்கச் சுவரில் செருகும் பிளக் அதற்குள்ளேயே முடிந்துவிடும் குட்டையாக வேண்டாம், திருகு செங்கல் வரை போக வேண்டும். சுவரில் வயருக்குப் போடும் துளை வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து சரிந்திருக்கட்டும். வயர் பக்கவாட்டில் வந்தால், பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்க விட்டு அடிப்பக்கமாக நுழையுங்கள். வயரில் ஓடிவரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கான் மேலேயும் இரு பக்கமும் மட்டும் போதும், கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். சிலிக்கானிலும் ஜாதகம் பார்க்க வேண்டும்: பூசும்போது வினிகர் வாடை அடித்தால் அது உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும் வகை, மூடிய பெட்டிக்குள் செம்பை அரிக்கும். 'நியூட்ரல்' என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

வேளச்சேரி வாசகர் புதுக் கேமரா வாங்க ஓட வேண்டியதில்லை. முதலில் நெட்வொர்க் சுவிட்சில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பிளக்கை வெட்டி எடுங்கள். மேலுறையைச் சீவிப் பார்த்தால் செம்பு கறுத்திருக்கும். வயரின் உறைக்குள்ளும் தண்ணீர் நுண்புழை ஏற்றத்தால் ஊர்ந்து போயிருக்கும் என்பதால் பிளக்கை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி போகும். பளபளக்கும் செம்பு தெரியும் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்து அங்கே புதுப் பிளக் அடியுங்கள். கேமராவின் வால் நுனியில் இருக்கும் சாக்கெட்டையும் பார்க்க வேண்டும். அதன் பின்களும் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் போதும். பின் அரித்தே போயிருந்தால் சாக்கெட்டை மட்டும் மாற்றித் தருபவர்கள் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் இருக்கிறார்கள்.