ரோஸ் மில்க்கும் காவலாளியின் தலையும்

‘டி லிஃப்ட்’ பார்த்த உற்சாகத்தில் குறும்படம் எடுத்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: “சிவப்புக் கலர் கரைத்து ஊற்றினோம். ரத்தம் மாதிரியே இல்லை, சர்பத் மாதிரி இருந்தது. ஏன்?”

டிக் மாஸ் 1983-ல் எடுத்த டச்சுப் படம் அது. சின்ன பட்ஜெட், இசையும் அவரே. லிஃப்ட் கதவில் மாட்டிக்கொண்ட இரவுக் காவலாளியின் தலையை, மேலிருந்து இறங்கும் லிஃப்ட் துண்டித்துவிடும். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கைக்கு எட்டாத காலம். இப்படிப்பட்ட காட்சிகளுக்கு அன்று பொம்மைத் தலையும் செயற்கை ரத்தமும்தான் கதி.

முதல் பிரச்சினை, தண்ணீர். ரத்தம் அதைவிட மூன்று நான்கு மடங்கு பிசுபிசுப்பானது. அதனால்தான் சினிமாக்காரர்கள் சோளப் பாகு சேர்க்கிறார்கள். சரி, இது எளிது.

ஆனால் பாகு சேர்த்தாலும் சர்பத் சர்பத்தாகவே இருக்கும். ரோஸ் சிரப்பைத் தண்ணீரில் கலந்தால் தம்ளருக்குப் பின்னால் இருப்பது தெரியும். பாலில் கலந்தால் தெரியாது. பாலில் மிதக்கும் கொழுப்புத் துளிகள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. ரத்தம் ரோஸ் மில்க் வகை. ஒரு கன மில்லிமீட்டரில் ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒளி திசைமாறுகிறது.

கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு சோதனைக் குழாய்களில் தலா ஒரு துளி ரத்தம் விட்டோம். 0.9 சதவீத உப்புக் கரைசலில் விட்டது கலங்கலாக நின்றது. வெறும் காய்ச்சி வடித்த நீரில் விட்டது சில நொடிகளில் தெளிந்து, பின்னால் பிடித்த எழுத்தைப் படிக்க முடிந்தது! நீர் உள்ளே புகுந்து அணுக்கள் வெடித்துவிட்டன. ஹீமோகுளோபின் ஒரு சொட்டும் குறையவில்லை. சிதறடிக்க ஆளில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் எனக்கு அது மாயாஜாலம்தான்.

ஆகவே பாகில் துளி துத்தநாக ஆக்சைடு போன்ற வெள்ளைப் பொடியைக் குழையுங்கள். வெளிறினால் இன்னும் கொஞ்சம் சிவப்பு.

செம்பருத்திச் சாறு தடவிய கத்தியால் எலுமிச்சையை நறுக்கி ‘ரத்தம்’ காட்டும் சாமியார்கள் இவ்வளவுகூட மெனக்கெடுவதில்லை. அமிலம் பட்டதும் பூவின் நிறமி சிவக்கிறது. அதற்குத் தட்டில் ஐநூறு ரூபாய் விழுகிறது.

அப்புறம் ஒன்று: நிஜ ரத்தம் காயக் காய ஹீமோகுளோபினின் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகும், கலர் பொடி ஆகாது. மறுநாள் காட்சிக்குச் சட்டையில் கொஞ்சம் டிகாக்ஷன் தடவிவிடுங்கள்.