மியூசிக்கல்: யாரு பாடறா?

"மியூசிக்கல் பார்க்கப் போறோம், வரேளா அத்தை?" என்று கேட்டேன். மும்பை மாதுங்காவிலிருந்து பதில் வந்தது: "யாரு பாடறா?"

நான் சொன்னது பாட்டோடு கதை சொல்லும் மேலைநாட்டு மேடை நாடகத்தை. ஆனால் அத்தை மேல் தப்பில்லை. நம் காதில் இந்தச் சொல் மியூசிக்கல் சேர், மியூசிக்கல் நைட் என்றுதான் விழுந்திருக்கிறது. அவரோ சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டே வளர்ந்தவர்.

ஆங்கிலத்திலும் இது பாதிச் சொல்தான். 1890களில் லண்டனில் பாட்டும் சிரிப்புமாக மேடையேறிய நாடகங்களை 'மியூசிக்கல் காமெடி' என்றார்கள். செல்போன் நம்மிடம் செல் ஆன மாதிரி, அங்கே காமெடி உதிர்ந்து அடைமொழியே பெயராகிவிட்டது. வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. மூசா எனும் கலைத் தெய்வங்களுக்குரிய கலை 'மூசிக்கே'. பாட்டோடு கவிதையும் ஆட்டமும் அதில் அடக்கம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பக்கத்து வீட்டு மராட்டியருக்கு இந்தக் குழப்பமே கிடையாது. 1880இல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் சாகுந்தலத்தை மேடையேற்றிய காலத்திலிருந்து அவர்களுக்கு அது 'சங்கீத நாடகம்'. நமக்கும் 'இசை நாடகம்' இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' அதுதான். பாட்டு, நடுவில் வசனம், தர்க்கம், மறுபடி பாட்டு. ஆனால் இசை நாடகம் என்றாலே ஆர்மோனியமும் ஜிகினா கிரீடமும் நினைவுக்கு வந்து, நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடக்கும் நாடகங்களுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு இது வீண் கூச்சமாகத்தான் படுகிறது.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. அந்த நாள் இசை நாடக நடிகர் கிட்டப்பா பாடினால் சபை 'ஒன்ஸ்மோர்' கேட்கும், கதை அங்கேயே காத்து நிற்கும். இங்கே மராட்டி மேடையில் பால கந்தர்வருக்கும் அதே கதைதான். பிராட்வே பாணியில் பாட்டே கதையை நகர்த்த வேண்டும். 2023இல் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் புதிதாகத் திறந்த நீத்தா முகேஷ் அம்பானி கலாசார மையத்துக்கு 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' வந்தபோது இதை நேரிலேயே பார்த்தோம். முரண்டு பிடிக்கும் குழந்தைகளுக்கு, அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த மரியா ஸ்வரம் சொல்லிக்கொடுக்கிறாள். பாட்டு முடிவதற்குள் அவர்கள் அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் கதையில் ஓட்டை விழும். "சரளி வரிசைன்னா இது!" என்றார் அத்தை, கொஞ்சம் சத்தமாகவே. முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

ஆனாலும் இது பாட்டைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு, அவ்வளவே. அதற்காகப் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. ஓபராவையும் இசை நாடகம் என்றே எழுதுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். ஓபராவில் பெரும்பாலும் பேச்சும் பாட்டாகவே வரும். அதற்கு அருணாசலக் கவிராயரின் இராம நாடகம், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் வழியில் 'கீர்த்தனை நாடகம்' என்ற பெயர் இன்னும் நெருக்கம். ஆட்டமே பிரதானம் என்றால் நாட்டிய நாடகம். மியூசிக்கலை இசை நாடகம் என்றே எழுதலாம்.

பேச்சில் எப்படி என்பதற்கு அத்தையே வழி காட்டினார். கடைசியில் நடிகர்கள் வரிசையாக வந்து வணங்க, அரங்கமே எழுந்து கைதட்டியது. "மங்களம் பாடாமலே முடிச்சுட்டாளே" என்று ஒரு குறை. வீடு திரும்பியதும் போனில் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கச்சேரி இல்லைடி, பாட்டு நாடகம். ஏழு குழந்தைகள், என்னமா பாடறதுகள் தெரியுமா!"