கரண்ட் இல்லையா, லைன் இல்லையா?

‘மின்சாரமில்லா சொகுசுத் தீவு விடுதி’ என்று ஒரு பயண விளம்பரம் கும்பகோணம் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கு முன் ‘கட்டத்திற்கு வெளியே ஒரு ஆடம்பரப் பின்வாங்கல்’ என்று வேறொன்றைப் படித்தே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் சொல்ல வந்தது ஒன்றைத்தான்: ஆஃப்-கிரிட், அதாவது பொது மின்லைனில் சேராமல் தானே மின்சாரம் ஆக்கிக்கொள்ளும் இடம். மாயவரத்து அத்தையிடம் விளம்பரத்தைப் படித்துக் காட்டினால், “ராத்திரி பூரா விசிறி மட்டையோட உக்காந்திருக்கறதுக்கா ஆளுக்கு இவ்வளவு காசு? நம்ம வீட்லயே மெயினை ஆஃப் பண்ணிட்டுப் படுத்துக்கலாமேடா” என்கிறார். எழுதியிருப்பதை நம்பினால் அவர் கேட்பது நியாயம். ஆனால் அந்த மாதிரி விடுதிகளில் ஃபேன் ஓடும், ஃப்ரிட்ஜ் இருக்கும், பல இடங்களில் வைஃபையும் உண்டு. வெளியிலிருந்து வரும் லைன் ஒன்றுதான் கிடையாது.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிட் என்பது கிரிட்அயர்ன் என்ற சொல்லின் நறுக்கு. இறைச்சியை நெருப்பில் வாட்டும் இரும்புக் கம்பிச் சட்டம். அதன் லத்தீன் வேர் கிராட்டிஸ், பின்னிய தட்டி. நம் ஊர்ப் படல்தான். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி ஓடும் எதற்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1926இல் பிரிட்டன் சட்டம் போட்டு மின்நிலையங்களை லைன்களால் பிணைக்கத் தொடங்கியபோது மின்சாரத்துக்கும் வந்து சேர்ந்தது. அந்தப் பிணைப்பில் சேராதது ஆஃப்-கிரிட்.

‘மின்சாரமில்லா’ என்பது அப்பட்டமான பொய். ‘கட்டத்திற்கு வெளியே’ என்பது பொய்கூட இல்லை, வெறும் சத்தம். கிரிட் என்றால் கட்டம் என்று இயந்திரம் சொன்னது, ஆள் வாங்கிப் போட்டுவிட்டார். கட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஜாதகம், இல்லாவிட்டால் ஆடுபுலி. ஏழாம் கட்டத்துக்கு வெளியேயா, எட்டாம் கட்டத்துக்கு வெளியேயா?

அடுத்தது தனித்தமிழ் நண்பர்களின் ‘தொகுப்பிலி’. இதோடுதான் எனக்கு உண்மையான சண்டை, ஏனென்றால் இதை யோசித்து உருவாக்கியிருக்கிறார்கள். பத்திரிகைகள் ‘மத்திய மின் தொகுப்பு’ என்று எழுதுகின்றன, அதிலிருந்து எடுத்ததாம். ‘மின்’னை உதிர்த்துவிட்டு ‘தொகுப்பு’ என்று மட்டும் சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தோன்றுவது ரேஷன் கடையும் பொங்கல் பரிசுத் தொகுப்பும்தான். தொகுப்பிலி விடுதி என்றால் கரும்பு கிடைக்காத விடுதி! அதைவிடப் பெரிய கோளாறு அந்த ‘இலி’. அறிவிலி, கதியிலி, ஏதிலி என்று இந்த ஈறு ஒட்டிய சொற்களைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இரக்கத்துக்கோ ஏளனத்துக்கோ உரிய ஆட்கள்தான் வருவார்கள். லைனை வேண்டாம் என்று விட்டுவிட்டுத் தானே மின்சாரம் ஆக்கிக்கொள்ளும் இடத்துக்கு ஏன் இந்த அனாதைப் பட்டம்?

‘கம்பியில்லாத் தந்தி’ நிலைக்கவில்லையா, இல்லாததை வைத்துப் பெயர் சூட்டினால் என்ன என்று திருப்பிக் கேட்கிறார்கள். நிலைத்தது, ஏனென்றால் தந்தி உண்டு, கம்பிதான் இல்லை என்று அந்தப் பெயர் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. தொகுப்பிலியில் எது உண்டு என்பதே தெரியாது.

போதாக்குறைக்கு, பல இடங்களில் ‘தொகுப்பில்லை’ என்பதே தப்பு. ஸ்காட்லாந்தை ஒட்டி எக் (Eigg) என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. பிரிட்டனின் லைன் அங்கே போகாது. வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் வைத்துக்கொண்டிருந்தவர்கள், 2008 பிப்ரவரியில் நீர், காற்று, வெயில் மூன்றையும் சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு மின்னமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்தான், கடைகண்ணி நடத்துபவர்களுக்கு 10. அளவு மீறினால் ட்ரிப் ஆகிவிடும். கெட்டிலையும் வாஷிங் மெஷினையும் யோசித்துத்தான் போடவேண்டும். உலகமே ஆஃப்-கிரிட் தீவு என்று கொண்டாடும் இந்த இடத்தில் கிரிட் இருக்கிறது. அது அவர்களுடைய சொந்த கிரிட். யாழ்ப்பாணத்துப் பக்கம் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கும் இதே மாதிரி காற்று, சூரியன், பேட்டரி, டீசல் எல்லாம் கலந்த திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அந்தமானுக்கும் இந்தியப் பெருநிலத்தின் லைன் கிடையாது. அந்தக் கணக்கில் போர்ட் பிளேர் பஸ் ஸ்டாண்டும் ஆஃப்-கிரிட்தான், ஆனால் யாரும் அதைச் சொகுசு என்று விற்பதில்லை.

அரசாங்கத் தமிழைத் திட்டுவது வழக்கம் என்றாலும் இந்த விஷயத்தில் அவர்கள் பரவாயில்லை. வேளாண் பொறியியல் துறை மானியத்தில் கொடுக்கும் சோலார் பம்புசெட்டை ‘மின் கட்டமைப்பு சாராத, தனித்து இயங்கும்’ என்று எழுதுகிறார்கள். ‘சாராத’ யாரையும் இழிவுபடுத்தவில்லை. ‘தனித்து இயங்கும்’ என்பதில் விஷயமே வந்துவிடுகிறது. குறை நீளம்தான். வயலில் நிற்கிற மனிதர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மடையில் தண்ணீர் உடைத்துக்கொள்ளும்.

அந்த மனிதரிடம் இந்த வேறுபாட்டுக்குச் சொல் இல்லாமல் இல்லை. ‘கரண்ட் இல்லை’ வேறு, ‘லைன் இல்லை’ வேறு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, போஸ்ட் மரங்களை வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போனது. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் லைன் வரவில்லை. ஆனால் கரண்ட் இருந்தது. வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள், அதிலேயே காசு வாங்கிக்கொண்டு போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொடுத்தார்கள். ‘லைன் வந்துடுச்சா’ என்பதுதான் டெல்டா முழுக்கக் கேள்வி.

இன்னொரு குழப்பம் ‘சோலார் விடுதி’. மாடியில் பலகை இருந்தாலே ஆஃப்-கிரிட் என்று நினைக்கிறார்கள். லைனோடு கோத்த பலகை, பேட்டரி இல்லாவிட்டால், லைன் போனதும் தானும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் கீழிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பெருந்தொகுப்பிலிருந்து ஒரு துண்டு பிரிந்து தனியாக ஓடினால் மின்பொறியாளர்கள் அதைத் தீவு என்றே சொல்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு ஆஃப்-கிரிட் விடுதி காவிரி நடுவில் இருந்தாலும் தீவு, கும்பகோணம் மடத்துத் தெருவில் இருந்தாலும் தீவு.

என் தேர்வு ‘தன்மின்’. தன்னாட்சி, தன்வரலாறு, தன்னிறைவு என்ற வரிசையில் உட்காரும். தன்மின் விடுதி, தன்மின் தீவு, தன்மின் பம்புசெட்: மூன்றும் வாயில் நிற்கின்றன, எது உண்டு என்றும் சொல்கின்றன. ஆஃப்-கிரிட் என்பதில் சிலர் சேர்த்துக்கொள்ளும் தண்ணீரையும் கழிவையும் இது சொல்லவில்லையே என்றால், ஆமாம், சொல்லவில்லை. மழைநீர் பிடித்து, கழிவறைக் கழிவை உரமாக்கும் விடுதியானால் அதைத் தனியாக ஒரு வரி எழுதட்டும். ஒரே சொல்லில் எல்லாவற்றையும் திணிக்கப் போய்த்தான் இந்த வினை.

மற்றபடி அந்த விளம்பரங்களில் உருப்படியான சொல் ஒன்றுகூட இல்லை. ரிட்ரீட்டைப் ‘பின்வாங்கல்’ ஆக்கியிருக்கிறார்கள். பின்வாங்குவது படை, இல்லாவிட்டால் சம்பந்தம் பேசிவிட்டு மாப்பிள்ளை வீட்டார். வேளாங்கண்ணிப் பக்கம் கேட்டால் கத்தோலிக்கர்கள் ரிட்ரீட்டைத் ‘தியானம்’ என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். தியானம் செய்யாதவர்கள் தங்கும் இடத்துக்கு விடுதி போதும். ‘தொலைநிலைத் தீவு’ என்கிறார்கள், அஞ்சல்வழிக் கல்வி மாதிரி. எட்டாக்கையில் இருக்கிறது என்றால் புரியாதா? ஆற்றுக்கு நடுவில் மேடிட்ட இடத்தையும் தீவு என்றே எழுதுகிறார்கள். கொள்ளிடத்துக்காரர்கள் திட்டு என்பார்கள். குத்தாலத்தின் பழைய பெயரான திருத்துருத்தியிலும் திருப்பூந்துருத்தியிலும் அதே பொருளில் துருத்தி இருக்கிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் திருவரங்கத்தின் பெயரில் அதே பொருளில் அரங்கம் இருக்கிறது. கடலில் இருந்தால் தீவு என்று எழுதட்டும்.

எல்லாவற்றுக்கும் சிகரம் ‘குடும்பம் நடத்தும் விடுதி’. ஒரு குடும்பத்தார் சேர்ந்து நடத்தும் விடுதி என்று சொல்ல வந்தாராம். தமிழ் தெரிந்தவர் யாராவது அச்சுக்குப் போகுமுன் ஒருதரம் வாய்விட்டுப் படித்திருந்தால், ‘வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்ளும்’ என்று மாற்றியிருப்பார். மாற்றாததால் அத்தை இப்போது அது என்ன மாதிரியான லாட்ஜ் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.