மிக்ஸரில் கிட்டார்: ஈக்யூவைத் தொடும் முன்

பதிவாகி என்னிடம் வரும் எலக்ட்ரிக் கிட்டார் ட்ராக்குகளில் பெரும்பாலும் ஒரே குறைதான். ஈக்யூவில், அதாவது ஒலியின் அலைவெண் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் திருகுகளில், பேஸையும் ட்ரெபிளையும் தாராளமாக ஏற்றியிருப்பார்கள், நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். தனியாகக் கேட்டால் பிரமாதமாக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

வழக்கமான ட்யூனிங்கில் கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கரோ 5,000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் சரிந்துவிடும். சிறிய மிக்ஸர்கள் பலவற்றில் ட்ரெபிள் திருகு 12,000 ஹெர்ட்ஸிலும் பேஸ் திருகு 80 ஹெர்ட்ஸிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆக, முதலாவதை ஏற்றினால் வருவது பெரும்பாலும் இரைச்சல். இரண்டாவதை ஏற்றினால் கரன்ட் உறுமலும் பேஸ் கிட்டாரோடு சண்டையும். கிட்டாருக்கு உண்மையில் உதவுவது நடுவில் இருக்கும் மிட் திருகுதான், அதுவும் அலைவெண்ணை நகர்த்த முடிந்தால். ஒலி மந்தமாக இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் மூன்று நான்கு டெசிபெல் குறைத்துப் பாருங்கள். கடி போதவில்லை என்றால் 2,000 முதல் 4,000 வரை கொஞ்சம் ஏற்றலாம். அடிமட்ட அலைவெண்களை வெட்டும் லோ கட் பொத்தான் இருந்தால் தயங்காமல் அழுத்துங்கள். இதையெல்லாம் மற்ற வாத்தியங்கள் ஓடும்போதே செய்யுங்கள், கிட்டாரை மட்டும் தனியாகக் கேட்டு அல்ல. ஒலி கூடினாலே காதுக்கு நன்றாகத்தான் தோன்றும், அதனால் ஈக்யூ போட்டதையும் போடாததையும் ஒரே அளவு ஒலியில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஈக்யூவால் ஆகாத வேலைகளும் உண்டு. பாஸிவ் பிக்கப் (பேட்டரி இல்லாமல் கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்குவது) உள்ள கிட்டாரை நேராக லைன் இன்புட்டில் சொருகினால் ஒலி மழுங்கிவிடும். அந்தப் பிக்கப் எதிர்பார்க்கும் இன்புட் மின்தடை (இம்பீடன்ஸ்) சுமார் 1 மெகாஓம், லைன் இன்புட்டில் கிடைப்பதோ பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம். போன மினுமினுப்பை ட்ரெபிள் திருகி மீட்க முடியாது. கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே இந்த மின்தடையைப் பொருத்தித் தரும் டிஐ பாக்ஸ் வையுங்கள், அல்லது மிக்ஸரில் ஹை-இசட் (உயர் மின்தடை) பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்டார்ஷன் பெடலை நேராக மிக்ஸருக்குக் கொடுத்தால் தேனீக்கூட்டம் போல ரீங்கரிக்கும். அங்கே தேவை கேபினட் சிமுலேஷன், அதாவது ஆம்ப் ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்யும் வசதி. மைக் வைத்துப் பதிவு செய்கிறீர்களா? ஸ்பீக்கரின் மையத்திலிருந்து ஓரத்தை நோக்கி மைக்கை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினாலே கூர்மை குறையும். எந்தத் திருகும் அந்த அளவுக்கு இயல்பாகச் செய்யாது.

அப்புறம், பதிவாகிவிட்ட ஈக்யூவைப் பிறகு முழுதாகக் கழற்ற முடியாது, சந்தேகம் இருந்தால் குறைவாகவே போடுங்கள். யூஎஸ்பி மிக்ஸர்களில் இன்னொரு குழப்பம்: சிலவற்றில் கணினிக்குப் போவது ஈக்யூவுக்கு முந்தைய ஒலி, சிலவற்றில் பிந்தையது. மிட் திருகை முழுதாகக் குறைத்து நான்கு சுரம் பதிவு செய்யுங்கள், அடுத்து நடுவில் வைத்து அதையே வாசியுங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்டால், உங்கள் ஈக்யூ பதிவுக்குள் போகவே இல்லை.